முடிவில்லாப் போரின் வீரர்: நியூயார்க் தீயணைப்போர் நினைவுச்சின்னமும் அதன் உருவகமும்

நியூயார்க்கில் ரிவர்சைடு சாலையும் நூறாம் தெருவும் கூடுமிடத்தில் தீயணைப்போர் நினைவுச்சின்னம் 1913 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. பணியின்போது உயிரிழந்த துணைத் தலைவர் சார்லஸ் குரூகரின் இறுதிச் சடங்கில், 1908ஆம் ஆண்டு, பேராயர் ஹென்றி பாட்டர் விடுத்த வேண்டுகோளே இதன் தொடக்கம். செலவான ஏறத்தாழ 90,000 டாலரில் பாதிக்கு மேற்பட்டது பொதுமக்களின் நன்கொடை. எஞ்சியதை நகராட்சி அளித்தது. கட்டட வடிவமைப்பு வான் பியூரன் மகோனிகலுடையது. சிற்பங்கள் அட்டிலியோ பிக்கிரில்லியுடையவை.

பொறிக்கப்பட்ட வாசகம் இறந்தோரை முடிவில்லாப் போரொன்றின் வீரர்களாகச் சுட்டுகிறது. 1898இல் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய மெயின் போர்க்கப்பலின் மாலுமிகளுக்குச் சென்ட்ரல் பூங்காவின் தென்மேற்கு வாயிலில் இவ்விருவரே அமைத்த சின்னமும் அதே 1913இல்தான் திறக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. நகர ஊழியரைப் படைவீரராக்கும் உருவகம் பெருமை சேர்க்கிறது, மறுக்க இயலாது. ஆயின் மரணத்தைப் போரின் இயல்பாகவும் ஆக்கிவிடுகிறது. போர்க்களத்து இறப்புக்குக் கட்டட விதிகளையோ பணிநேரத்தையோ எவரும் காரணம் கேட்பதில்லை. அன்றைய தீயணைப்போரோ நிலையத்திலேயே தங்கி, குறுகிய இடைவெளிகள் தவிரத் தொடர்ந்து பணியிலிருந்தவர்கள்.

சிற்பங்கள் இவ்வாசகத்தோடு முற்றிலும் ஒத்துப்போகவில்லை. ‘தியாகம்’ என்னும் தொகுதியில் பெண்ணொருத்தி சாய்ந்த ஆடவனின் உடலைத் தாங்குகிறாள்; மரியாள் மகனின் உடலைத் தாங்கும் கிறித்தவச் சிற்ப மரபு வெளிப்படை. ‘கடமை’ தொகுதியிலோ தாயும் குழந்தையும். போரிடுபவர் இவற்றில் இல்லை. பின்னால் எஞ்சிய குடும்பமே உள்ளது. வாசகம் மறைப்பதைப் பளிங்கு சொல்லிவிடுகிறது எனலாம்.

பணியை நேரடியாகக் காட்டுவது, குதிரைகள் தீயணைப்பு வண்டியை இழுத்து விரையும் புடைப்புச் சிற்பம். பளிங்கில் செதுக்கிய அது சிதைந்துபோக, 1950களில் வெண்கலப் படி பொருத்தப்பட்டது. துறையிலிருந்து குதிரைகள் 1922இலேயே விடைபெற்றுவிட்டன. பணியில் மாண்ட குதிரைகளுக்கான பட்டயம் 1927இல் சின்னத்தின் முன் பதிக்கப்பட்டது. அப்பட்டயத்திற்குப் போர் உருவகம் தேவைப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

2001 செப்டம்பர் 11 அன்று இத்துறை 343 பேரை இழந்தபோது, மக்கள் மலர்களுடன் வந்து கூடிய இடங்களுள் ஒன்றாக இச்சின்னம் அமைந்தது.