கழிவாகாத மாசு: நெகிழிக் குருணைகளும் சட்டத்தின் அளவுகோலும்

நுண்நெகிழியைக் குறைக்க நம் அரசுகள் எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் பையையும் குவளையையும் சுற்றியே அமைந்தவை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. எறிந்த நெகிழி வெயிலிலும் அலையிலும் நொறுங்கி நுண்நெகிழியாகிறது என்பதால் இவை தேவையான தடைகளே. ஆயினும், கழிவான பிறகே நெகிழி மாசாகிறது என்ற எண்ணமே இவற்றுக்கு அடிப்படை. அந்த எண்ணத்துக்குள் அடங்காத மாசு ஒன்று உண்டு; அதை ஆலையிலும் கப்பலிலுமே தடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாளி, குழாய், பை எனப் பெரும்பாலான நெகிழிப் பொருள்களின் மூலப்பொருள், 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள குருணை. அதை யாரும் எறிவதில்லை, அது சிந்துகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் குருணை இருந்தது. 2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது, குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கியது. மணலில் கலந்துவிட்டால் சல்லடையும் கையுமாகச் சலித்தெடுக்க வேண்டியதுதான்.

2024இல் திருத்தப்பட்ட நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் 1 முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள துகளையே நுண்நெகிழி என்கின்றன. ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் மேல் எல்லையோ 5 மில்லிமீட்டர். ஆக, இந்திய விதிப்படி குருணை நுண்நெகிழி அன்று; சிந்தும்வரை சரக்காகவே இருப்பதால் கழிவும் அன்று.

கடலிலும் இதே இடைவெளிதான். உறுதியான பொதிவு, சரக்கு ஆவணத்தில் தெளிவான குறிப்பு, இயன்றவரை மேல்தளத்துக்குக் கீழே அடுக்குதல் ஆகியவற்றைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது, கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கினால் வணிகச் செலவு கூடும் என்பர். கூடும்தான். ஆனால் அச்செலவு இப்போதும் இல்லாமல் இல்லை. சரக்கு அனுப்புபவரிடமிருந்து மீனவர் தலைக்கு மாறியிருக்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது 2025 ஜூலையில், விபத்து நிகழ்ந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

முன்மாதிரி இல்லாமலில்லை. ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் குருணை கையாளும் நிறுவனங்கள் சிந்தலைத் தடுக்கவும், சிந்தியதை அகற்றவும் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் சட்டம் இயற்றியது. இந்தியா முதலில் நுண்நெகிழி வரையறையின் மேல் எல்லையை 5 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும். அடுத்து ஆலை, லாரி, துறைமுகம் மூன்றுக்கும் சிந்தல் தடுப்பைக் கடமையாக்க வேண்டும். பன்னாட்டு அரங்கில் 2024இன் பரிந்துரையைக் கட்டாய விதியாக்கக் கோர வேண்டும். மஞ்சப்பை கடைத்தெருவைக் காக்கும். கப்பலிலிருந்து கொட்டும் குருணையை அதனால் தடுக்க இயலாது.