பொன்மலையும் என்ஜின் ஓசையும்

நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு இடம் மாறியபோது, எந்திரங்களோடு ஒரு தொழிலறிவும் சேர்ந்து வந்தது. ஓடும் என்ஜினின் அதிர்வையும் ஓசையையும் கொண்டே அதன் உள்ளே கெட்டிருக்கும் உறுப்பைக் கண்டறியும் அறிவு அது. அதே ஆண்டு ஜூலையில், ஆட்குறைப்பையும் தொழிலாளரின் திறனைத் தேர்வு வைத்து அளக்கும் முயற்சியையும் எதிர்த்து அந்த ரயில்வேயில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டதும், அதன் தலைவர்களுள் ஒருவரான சிங்காரவேலர் சிறை சென்றதும் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றவை. காதில் பழகிய திறன் ஒரு நாள் தேர்வில் எளிதில் அகப்படுவதன்று.

அக்காலத்துச் சாதாரண நீராவி என்ஜினுக்குச் சிலிண்டர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி நீராவி தள்ளுவதால், சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பயன்பட்ட நீராவி புகைபோக்கி வழியே நான்கு முறை சீறி வெளியேறும். ஸ்ரீரங்கம் நிலையத்தில் நின்ற வண்டி காவிரிப் பாலத்தை நோக்கி மெல்ல நகரத் தொடங்கும்போது அந்த நான்கு சீறலையும் நடைமேடையில் நிற்பவரே எண்ணிவிடலாம். அவை சம இடைவெளியில் விழுந்தால் என்ஜின் நலமாயிருக்கிறது. ஒன்று நொண்டினால், நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் வால்வின் அமைப்புப் பிசகியிருக்கிறது.

சீறலோடு 'டக் டக்' என்ற அடி கேட்டால் விஷயம் வேறு. கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனின் போக்கைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு, கிராங்க்கைப் பற்றியிருக்கும் இடத்துப் பேரிங் தேய்ந்தால் அந்த அடி எழும். சக்கர அச்சின் பெட்டி தளர்ந்தாலும் எழும். காது மட்டும் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஆகவே பிரேக்கை இறுக்கி, கிராங்க்கை மேல்நிலையில் நிறுத்தி, நீராவியைச் சிறிதளவு திறந்துவிட்டு, முன்னோக்கியும் பின்னோக்கியும் விசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். சக்கரம் அசையாத நிலையில் எந்த மூட்டு மட்டும் ஆடுகிறதோ அதுவே பழுதின் இடம்.

மோட்டார் கார் பெருகிய பிறகு சாலையோரப் பட்டறைகள் கையாண்ட முறையும் இதற்கு உறவுதான். 1958இல் சந்தைக்கு வந்த அம்பாசடர் போன்ற நான்கு சிலிண்டர் காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார் மெக்கானிக். கழற்றியும் என்ஜினின் ஓட்டம் மாறவில்லையென்றால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. கழற்றியதும் அடியோசை தணிந்தால் அந்தச் சிலிண்டரின் பேரிங்கை ஐயுற வேண்டும். நீண்ட திருப்புளியின் நுனியை என்ஜின் மேல் ஊன்றிப் பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் வழக்கம்.

எனினும் எல்லா அதிர்வும் நோயல்ல. வரிசையாக நான்கு சிலிண்டர் கொண்ட என்ஜினில், ஏறும் பிஸ்டன்களும் இறங்கும் பிஸ்டன்களும் ஒரே கணத்தில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதனால் ஒரு சுற்றுக்கு இருமுறை எழும் உதறல் அதன் பிறவிக் குணம். அதனை உடற்கூட்டுக்கு எட்டவிடாமல் தடுப்பது மவுண்டிங் எனப்படும் ரப்பர் தாங்கி. பழைய காரில் இந்த ரப்பர் இறுகியோ கிழிந்தோ போவதால், நல்ல என்ஜினும் நோயுற்றது போல ஆட்டம் காட்டும். இதைப் பாராமலே என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின்களைப் பொன்மலை இன்றும் பராமரிக்கிறது, புதியனவும் செய்திருக்கிறது. அவற்றுக்குச் சிலிண்டர்கள் நான்கு: இரண்டு சக்கரங்களை உருட்டும், மற்ற இரண்டும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, முதல் இரண்டும் வெளியேற்றும் நீராவியைக் கொண்டு தண்டவாள நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரங்களைத் திருப்பும். அங்கே சுற்றுக்கு நான்கு சீறல் என்ற கணக்குச் செல்லாது.