சங்கக்கடையும் கடல்கடந்த கடையும்

ரொறன்ரோவின் புறநகர் ஒன்றில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவர், பேருந்தில் அமர்ந்தபடியே கைத்தொலைபேசியைத் திறந்து அரிசி, சீனி, பருப்பு, பால்மா, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து, அவற்றுக்குரிய விலையையும் அங்கிருந்தே செலுத்திவிடுகின்றார். சில நாட்களில் அச்சாமான்கள் தருமபுரத்திலோ, முள்ளியவளையிலோ, நெடுங்கேணியிலோ உள்ள ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்குகின்றன. இதனை விஞ்ஞானத்தின் விந்தை என்று வியப்போர் உளர். புலம்பெயர்ந்தோரின் பாசத்துக்குச் சான்று என்று நெகிழ்வோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வன்னி நிலத்தின் வரலாற்றைச் சற்றேனும் அறிந்தவர்க்கு இங்கே வேறொரு கேள்வி எழுதல் வேண்டும். வன்னிக் குடும்பம் ஒன்றின் அடுப்படிக்கு இன்ன பொருள், இவ்வளவு வேண்டும் என்று எழுதும் பட்டியல், காலந்தோறும் யார் கையில் இருந்து வந்துள்ளது?

மிகப் பழங்காலத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை பூர்த்தியான பின்னரும் வன்னிக் கமக்காரன் கடைக்குக் காசோடு சென்றவனல்லன். விதைப்புக்கும் அரிவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் கடனாகப் பெற்று, அறுவடையின்போது நெல்லாகத் தீர்த்தான். கணக்குக் கொப்பி வியாபாரியிடம் இருந்தது. நெல்லின் விலையைச் சொல்பவனும் வியாபாரியே.

இந்நிலையில் முதல் உடைப்பு உண்டானது இரண்டாம் உலகப் போரின்போது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. குடியேற்ற அரசு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. பங்கீட்டு அரிசியை விநியோகிக்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இருந்தபோதிலும், ஊர்தோறும் ‘சங்கக்கடை’ என்ற பெயர் வாய்க்கு வாய் பழகியது இக்காலத்திலேதான். கூப்பன் புத்தகம் என்பது எம் பாட்டன்மாரின் காலத்தில் பிறப்புச் சான்றிதழைவிடப் பெறுமதியான ஏடாக இருந்தது.

கூப்பன் அரசின் பட்டியல். இன்ன அரிசி, இத்தனை கொத்து என்று அரசு எழுதியது. அதனை மாற்றவும் அரசாலேயே முடிந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஒகஸ்ட் 12ஆம் நாள் நாடு கண்ட ஹர்த்தாலையும், அதன் பின்னர் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்ததையும் வாசகர்கள் அறிவர். அரிசிப் பட்டியலில் கைவைத்தவர் ஆட்சியிலே நிலைக்க இயலவில்லை. ஆனால் கூப்பனை வெட்டிக் கொடுத்த சங்கக்கடை, அரசின் கிளைக்கடை மட்டுமாக இருக்கவில்லை. பங்குப்பணம் கட்டிய ஊரவர் அதன் உறுப்பினர். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, ‘தேங்காயெண்ணெய் ஏன் எடுப்பிக்கவில்லை?’ என்று கேட்கும் உரிமை அவர்க்கு இருந்தது. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டி, மாவும் சீனியும் வெண்ணெயும் ஓட்ஸ் மாவும் வைத்து ஒரு கடை திறந்தார்களல்லவா? கலப்படமும் கடன் கொப்பியும் செய்த கொடுமைக்கு அவர்கள் கண்ட மருந்து அது. அம்மருந்தை வடபுலத்தில் பரப்பியோரின் முன்னணியில் நின்றவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை வகித்த வீ. வீரசிங்கம் என்னும் ஆசிரியர். இன்று யாழ்ப்பாணத்தில் அவர் பெயரால் நிற்கும் மண்டபத்துக்கு நாடகம் பார்க்கச் செல்லும் மாணவருள் எத்தனை பேர் அவரை அறிவர்? 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களிலும், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிலும் காடு வெட்டிக் குடியேறிய மக்களுக்கு விதையும் பசளையும் சீலைத்துணியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்த இடம் சங்கமே.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி இரண்டு வகையான நினைவுகள் உள்ளன. பாணுக்கு வரிசையில் நின்றதை நகரத்தார் நினைப்பர். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடைபோட்டு வீதியில் மறித்ததையும் நினைப்பர். வன்னியிலோ இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறிற்று, கல்வீடுகள் எழுந்தன. அத்தோட்டங்களில் மிளகாய் ஆய்ந்தோருள் பலர், 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களினால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த தொழிலாளர் என்பதையும் நாம் மறத்தலாகாது. கல்வீடு அவர்களுக்கு எழவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதி மிளகாயைக் கொண்டுவந்ததும் தோட்டக்காரரும் கூலியாளும் ஒன்றாகவே சரிந்தனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வன்னியின் நினைவில் தழும்பாக நிற்கும் பட்டியல் ஒன்று உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் அரசு விதித்த பொருளாதாரத் தடையே அது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி ஆகியன தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெயும் மருந்தும் அளவுக்கு உட்பட்டன. மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் சவர்க்காரமும் கூடத் தட்டுப்பாட்டுக்குள் அகப்பட்டன. 1994இல் ஆட்சி மாறியபோது சிறிது தளர்ந்த தடை, 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்து வன்னியில் நிறைந்த பின்னர், முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. தாண்டிக்குளத்திலும், பின்னர் உயிலங்குளத்திலும் சோதனைச்சாவடி மேசைகளின்மேல் எம் மக்களின் பைகள் கவிழ்க்கப்பட்டன. குழந்தைக்கு வாங்கிய பால்மாப் பேணி எத்தனை என்று சீருடை தரித்தவன் எண்ணினான். ஒரு தாயின் அடுப்படிப் பட்டியலை இராணுவ முகாமில் திருத்தியெழுதிய காலம் அது.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, சில துளி மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கோத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைத் துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். சவர்க்காரத் தொழிலுக்கு வேண்டிய கோஸ்டிக் சோடாவை ஆனையிறவு உப்பிலிருந்து ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, அதே மண்ணில், போரினால் சிதைந்து கிடந்தது! இந்நாட்களில் இடம்பெயர்ந்தோர்க்கான நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சங்கங்களின் வாயிலாகவே பங்கிடப்பட்டன. சங்கக்கடை மீண்டும் அரசின் பட்டியலை நிறைவேற்றும் இடமாயிற்று. உறுப்பினர் பயனாளி ஆனார்.

இன்றைய பழக்கத்தின் வேரும் இத்தடைக்காலத்தில்தான் உள்ளது. 1983க்குப் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் உறவினர்க்கு உதவ வழியின்றித் தவித்தனர். பொருள் அனுப்ப இயலாது, வங்கியும் இல்லை. ‘உண்டியல்’ என்னும் நம்பிக்கை வழிப் பணமாற்று முறை பெருகியது. அங்கே ஒருவரிடம் கட்டிய பணத்தை இங்கே இன்னொருவர் கொடுத்தார். தரகு போக எஞ்சியது கைக்கு வந்தது. கைக்கு வந்தது பணம் என்பதைக் கவனித்தல் வேண்டும். அதைக் கொண்டு மருந்து வாங்குவதா, பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதா என்பதை வன்னியிலிருந்த பெண்ணே தீர்மானித்தாள்.

2002 ஜனவரியில் தடை பெருமளவு நீங்கி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது பொருள்கள் வெள்ளமாக வந்தன. ஓமந்தைக்கு இப்பால் விடுதலைப் புலிகள் அவற்றுக்குத் தம் பங்கு வரியை விதித்தனர். அதுவும் நுகர்வோர் தலையிலேயே விழுந்தது. 2006 ஒகஸ்டில் முகமாலை வழி மீண்டும் மூடியது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ப்பகுதியில் எஞ்சியிருந்தோர் 70,000 பேரளவே என்று அரசு கூறி, உணவையும் அக்கணக்கிலேயே அனுப்பியது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர் ஏறத்தாழ 2,80,000 பேர். இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மக்கள் கஞ்சியாகக் குடித்தார்கள். மே மாதந்தோறும் முள்ளிவாய்க்கால் நினைவாக ஊரெங்கும் வார்க்கப்படும் உப்புக் கஞ்சிக்கு இதற்குமேல் விளக்கவுரை வேண்டியதில்லை.

போருக்குப் பின்னர் மெனிக்பாம் முகாமின் வரிசைகள் 2012 செப்ரெம்பரில் முடிந்தன. வங்கிகள் வந்தன, குத்தகை நிறுவனங்களும் நுண்கடன்காரரும் வந்தனர், தெற்கின் பேரங்காடிகள் கிளை திறந்தன. அவற்றோடு இணையக் கடையும் வந்தது. கொழும்பில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘கப்ருக’ போன்ற நிறுவனங்கள், வெளிநாட்டில் வாழும் இலங்கையர் தாய்நாட்டு உறவினர்க்குப் பரிசு அனுப்புவதைத் தம் வாணிபத்தின் முக்கிய தூணாகக் கொண்டன. ‘கப்ருக’ என்ற சிங்களச் சொல்லுக்குக் கற்பகதரு என்பது பொருள். நாமோ அப்பெயரைப் பனைக்கு வழங்கி வருகின்றோம். பனை தன் நிழலில் நிற்பவனுக்குக் கொடுக்கின்றது. புதிய கற்பகதருவோ கடலுக்கப்பால் கடனட்டை வைத்திருப்பவன் கேட்டதைக் கொடுக்கின்றது. பிறந்தநாட் கேக்கும் பூச்செண்டுமாகத் தொடங்கியது நாளடைவில் அரிசி மூட்டைக்கும் சவர்க்காரக் கட்டிக்கும் இறங்கிற்று.

2022ஆம் ஆண்டு இதனைத் தீவிரமாக்கியது. முந்திய ஆண்டிலேயே இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த அரசு, வன்னி வயல்களின் விளைச்சலை வீழ்த்தியிருந்தது. டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் நின்ற மாற்று வீதம் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு. கூலி பெறுபவனின் சோறு பாதியாயிற்று. அதே நாளில் கனடாவிலிருந்து வந்த நூறு டொலரின் பெறுமதியோ ஏறக்குறைய இரட்டித்தது. நாணய மாற்று வீதத்தை எம் மாணவர் கணக்குப் பாடத்தில் கற்குமுன்னரே அறிந்திருந்ததை நாம் வகுப்பறையில் கண்டோம். அறிந்திராத மாணவரும் இருந்தனர். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் என்பது தற்செயலன்று. விமானச் சீட்டுக்கும் தரகருக்கும் ஈடு வைக்க அவர்களின் பாட்டன்மாரிடம் காணி உறுதி இருக்கவில்லை. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசலில் சாமான் பெட்டி இறங்க, அடுத்த வீட்டுத் தாய் கடையில் கால் கிலோ பருப்புக் கடன் கேட்டு நிற்கின்றாள். பழைய வர்க்க வேறுபாட்டின்மேல் புதிய மண்ணடுக்கு ஒன்று இவ்வாறு படிகின்றது.

புலம்பெயர்ந்தோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆலையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் இரவெல்லாம் நின்று உழைத்த கூலியிலிருந்து அவர்கள் அனுப்புகின்றனர். ஐரோப்பிய நகரங்களில் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் தாமே ஏங்கி, இன்று அவற்றையும் இணையத்தின் வழியே தம் வாசலுக்கு வரவழைப்போர் அவர்கள். காசாக அனுப்பினால் குடிக்குச் செலவாகிவிடுமோ, கடன்காரன் பறித்துவிடுவானோ என்ற அச்சத்தினாலேயே பலர் பொருளாக அனுப்புகின்றனர். நுண்கடன் வண்டி வாராவாரம் வந்து நிற்கும் ஊர்களில் அந்த அச்சம் காரணமற்றதுமன்று. ஆயினும் விளைவு என்ன? அடுப்படிப் பட்டியல் மறுபடியும் அடுப்படியை விட்டு வெளியேறுகின்றது. தம்பி தெரிந்த பால்மாவைத் தமக்கை பெறுகின்றாள். அவளுக்கு அம்மாதம் தேவைப்பட்டது பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்தாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த சாமானைப் பற்றி, ‘இது வேண்டாம், அது வேண்டும்’ என்று சொல்ல எவருக்கு நா எழும்? சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டவளின் பேர்த்தி, இங்கே நன்றி மட்டும் சொல்லுகின்றாள். பணமோ கொழும்பிலேயே கைமாறிவிடுகின்றது. ஊர்ப் பலசரக்குக் கடைக்காரனுக்கும், பாதி தட்டு வெறுமையாக நிற்கும் சங்கக்கடைக்கும் அதில் ஒரு சதமும் இல்லை.

தம்பி கட்டும் பணத்தை ஊர்ச் சங்கத்தில் தமக்கையின் உறுப்பினர் கணக்கில் வரவு வைத்து, அவள் வேண்டிய நாளில் வேண்டிய பொருளை எடுக்கச் செய்வது கைத்தொலைபேசிக் காலத்தில் முடியாத காரியமன்று. அதற்கு முதலில் சங்கங்கள் அரசியல்வாதிகளின் ஆட்களிடமிருந்து உறுப்பினரின் கைக்குத் திரும்ப வேண்டும். களஞ்சியமும் நெல் காயவைக்கும் தளமும் வேண்டும். ஏனெனில் காலபோக அறுவடையில் ஈரம் காயாத நெல்லை, கடனுக்கு அஞ்சி, வயல் வரம்பிலேயே விற்றுவிடுகின்றான் எம் கமக்காரன். பொலன்னறுவையிலிருந்து வரும் லொறி அதனை ஏற்றிச் செல்கின்றது. அங்குள்ள பெரிய ஆலைகளில் அது குற்றப்பட்டு, பளபளக்கும் பையில் அடைபட்டு, கொழும்புக் களஞ்சியத்தை அடைகின்றது. பின்னர் ரொறன்ரோவில் ஒருவர் அதனைத் தெரிந்து டொலரில் விலை கொடுக்க, ஏ-9 வீதி வழியே மீண்டும் கிளிநொச்சிக்கு வருகின்றது. வாசலில் மூட்டையை இறக்கிவைத்துக் கையொப்பம் கேட்கும் இளைஞன், அந்நெல்லை விளைத்த வயற்காரனின் மகனாகவும் இருக்கக்கூடும்; அவனுக்குப் பொதிக்கு இவ்வளவு என்றுதான் கூலி.