தொட்டிலுக்கு அடியில் ஒரு கம்பளி

கம்பளி என்ற சொல்லைக் கேட்டதும் மலையகத்தை அறிந்தவர்களின் மனத்தில் ஒரு காட்சி எழும். தலையிலிருந்து முதுகு வழியாகத் தொங்கும் கறுப்புக் கம்பளி, அதன்மேல் கொழுந்துக் கூடை, இடுப்பிலே படங்கு. கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டமொன்றிலே பிறந்த என் மனத்தில் எழுவது வேறொரு காட்சி. லயத்துக் காம்பராவின் கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில் ஒன்று தொங்குகிறது. தொட்டிலுக்கு வெளியே, அதன் அடிப்பக்கத்தை ஏந்தினாற்போல, கிழிந்த கம்பளி ஒன்று தனிக் கயிற்றில் தொங்குகிறது. தொட்டிலுக்கே ஒரு தொட்டில் கட்டினாற்போல இருக்கும். அந்தக் கம்பளியின் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

றப்பர் விளைகிற தாழ்ந்த நிலத்திலே கம்பளிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நுவரெலியாவின் குளிர் எங்களுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சப்ரகமுவ மழை நாடு. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 4,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. தகரக் கூரையும் ஈரம் கசியும் தரையும் கொண்ட லயத்துக் காம்பராவில் மழைக்காலத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்பதை அங்கே படுத்தவர்களே அறிவர். அது எலும்பை நடுக்கும் குளிர் அல்ல. நனைந்த துணியைப் போல உடம்பிலே ஒட்டிக்கொள்ளும் குளிர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். றப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகவே பால் வெட்டுகிறவள் இருட்டோடு எழுந்து போகவேண்டும். இரவின் குளிர் முற்றுகிற அந்த நேரத்திலேதான் தாயின் உடற்சூடு குழந்தையை விட்டு நீங்குகிறது. தோட்டக் கணக்குப் புத்தகங்களிலே எத்தனை இறாத்தல் பால் என்ற விபரம் இருக்கும். இந்த விபரத்துக்கு அங்கே இடமில்லை.

1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து விக்காம் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள், இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக ஹெனரத்கொடைக்கு வந்துசேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிவெளியும் கேகாலையும் இரத்தினபுரியும் றப்பர்க் காடாயின. 1912இல் இரத்தினபுரி வரைக்கும் சிறிய இரயில் ஓடியது. இந்த வரலாறு நூல்களிலே உண்டு. அந்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்ததோ, அதே அமேசன் காட்டு மக்கள்தாம் தொங்கு படுக்கையிலே உறங்கியவர்கள் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கும்.

கொலம்பஸ் 1492இல் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது, அங்குள்ளோரின் வலை போன்ற படுக்கைகளைக் கண்டு எழுதிவைத்தான். தைனோ மக்கள் அதற்கு வைத்த பெயர் ஹமாக்கா. 1597இல் ஆங்கிலேயக் கடற்படை அதனை மாலுமிகளின் படுக்கையாக ஏற்றுக்கொண்டது. தரையின் ஈரமும் பூச்சியும் பாம்பும் அணுகாத படுக்கை அது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. தரையிலே படுத்தவனுக்குக் கீழே காற்று ஓடுவதில்லை, தொங்குகிறவனுக்கு ஓடும். பிரேசில் கரையோரத்துத் துப்பினம்பா மக்களிடையே சிறைப்பட்டிருந்த ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜேர்மானியன் 1557இல் வெளியிட்ட நூலில், அவர்கள் இரவு முழுவதும் படுக்கைக்கு அருகே நெருப்பு வளர்ப்பதைக் குறிப்பிடுகிறான். கீழிருந்து வரும் குளிருக்கு அவர்கள் கண்ட வழி அது. மாலுமிகள் மெல்லிய மெத்தையை உள்ளே போட்டுப் படுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தார் ஏணை என்றும், தமிழகத்தார் தூளி என்றும், எங்கள் லயத்தார் தொட்டில் என்றும் சொல்லும் சேலைப் படுக்கை இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குறையும் அதே குறைதான். குழந்தைக்கு மேலே எத்தனை துணி போர்த்தினாலும் முதுகு குளிர்ந்துவிடும்.

கம்பளியை மடித்துக் குழந்தைக்கு அடியிலே போட்டால் என்ன? எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். கம்பளி சூடு தருவது அதன் மயிர்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றினால். உடம்பின் பாரம் அழுத்தியதும் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. கம்பளி வெறும் துணியாகிவிடுகிறது. அதே கம்பளியைத் தொட்டிலுக்கு வெளியே, பாரம் படாமல் தொங்கவிட்டால் அது உப்பலாகவே இருக்கும். கீழே ஓடும் காற்றையும் தடுக்கும். அண்மைக் காலத்தில் மேல்நாட்டு நடைபயணிகள் தமது தொங்கு படுக்கைகளுக்கு அடியிலே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைவிரிப்பைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அப்பாயியின் நினைவுதான் வந்தது.

அப்பாயிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. இழப்புத்தான் சொல்லிக் கொடுத்தது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1935இல் இலங்கையை உலுக்கிய மலேரியா, கேகாலை மாவட்டத்தைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கலாநிதி என். எம். பெரேராவும் தோழர்களும் அப்போது இந்தப் பகுதிகளிலே நிவாரணப் பணி செய்ததும், அதிலிருந்து இடதுசாரி இயக்கம் வேர்விட்டதும் அரசியல் வரலாறு. எங்கள் வீட்டு வரலாறு சிறியது. காய்ச்சலில் கிடந்த அப்பாயியின் நடுக்கத்துக்காக வீட்டிலிருந்த ஒரே கம்பளி அவர்மீது போர்த்தப்பட்டது. மூன்று மாதத் தலைப்பிள்ளை தொட்டிலிலே கிடந்தது. ஒரு விடியற்காலை அது அழவில்லை.

காய்ச்சலா, குளிரா, பாலின்மையா என்று எவரும் ஆராயவில்லை. தோட்டத்திலே எழுதிக்கொண்ட காரணம் 'பலவீனம்'. ஆனால் அப்பாயி கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: "நெஞ்சு சூடாத்தான் இருந்துச்சு, முதுகுதான் ஐஸா இருந்துச்சு." தொட்டு அறிந்ததை அவர் நாற்பது வருடம் மறக்கவில்லை. அடுத்த பிள்ளை பிறந்தபோது கம்பளியைத் தொட்டிலுக்குக் கீழே கட்டினார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் முதலில் சிரித்தார்களாம். பிறகு சிலர் வந்து பார்த்துவிட்டுத் தாங்களும் கட்டினார்களாம்.

அந்தக் கம்பளி இலவசமாக வந்ததல்ல. தோட்டங்களிலே கம்பளியைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்திலே பிடித்துக்கொள்வது பழைய வழக்கம். கோப்பிக் காலந்தொட்டே அரிசியோடும் முற்பணத்தோடும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறிய பொருள் அது. மழைபெய்து பால் வெட்டு நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. கம்பளிக் கடன் மட்டும் நிற்கும். மழைக்குக் கம்பளி வேண்டும், அந்த மழையே கம்பளியின் கடனை அடைக்கவிடாது!

கட்டுவதிலே ஒரு கணக்கு இருந்தது. இரு முனைக் கயிறுகளிலும் உருவு முடிச்சு இருக்கும். இரவில் கம்பளி தொட்டிலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஏற்றிக் கட்டுவார். இறுக்கினால் அமுங்கிவிடும்; அதிகம் தளர்த்தினால் இடையிலே காற்று புகுந்து கட்டியும் பயனில்லை. பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஒரு சாண் இறக்கிவிடுவார். புழுக்கமான நாளில் ஒரு முனையை அவிழ்த்துவிடுவார். குழந்தையின் பிடரியிலே விரல் வைத்துப் பார்த்தால், வியர்த்திருந்தால் இறக்கு, குளிர்ந்திருந்தால் ஏற்று, அவ்வளவுதான். ஈரந்தான் பெரிய தொல்லை. குழந்தை நனைத்தால் சேலை வழியே கம்பளியும் நனையும். அடுப்புக்கு மேலே அதைக் காயப்போட்டிருக்கும் நாட்களில் காம்பரா முழுவதும் வீசும் அந்த மணத்தை நான் இங்கே வருணிக்கப் போவதில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தையும் பிரித்தது. என் அத்தையின் குடும்பம் 1974இல் தலைமன்னாரிலே கப்பலேறியது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்று, கோத்தகிரிப் பக்கம், அவர்களுக்குக் கிடைத்தது. றப்பர்த் தோட்டத்திலே வளர்ந்தவள் ஏறத்தாழ 6,000 அடி உயரத்துக் குளிரிலே போய்க் குடியேறினாள். மறுவருடம் பிள்ளை பிறந்தது. கம்பளியைத் தொட்டிலுக்குள்ளே மடித்துப் போட்டும் விடியற்காலையில் பிள்ளை குளிர்ந்துபோகிறது, என்ன செய்வது அம்மா என்று கடிதம் வந்தது.

நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்பாயி எழுந்து நின்றுவிட்டார். "உள்ள போடாதேன்னு எழுதுடா. வெளிய, அடியில கட்டச் சொல்லு." இடைவெளி எவ்வளவு என்று எழுதுவது என்று கேட்டேன். என் கையைப் பிடித்து, கூரையிலே தொங்கிய வெறும் சேலைக்கும் கம்பளிக்கும் நடுவே நுழைத்துக் காட்டினார். விரல்கள் இரு பக்கமும் உரச, அழுந்தாமல் போயின. 'உள்ளங்கை படுத்த வாக்கில் நுழையும் அளவு' என்று எழுதினேன். முடிச்சைப் படம் போட்டேன். அது சரியாக வரவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. பிள்ளை இப்போது விடியும்வரை தூங்குகிறாள், ஆனால் தனக்குப் போர்த்திக்கொள்ளத்தான் கம்பளி இல்லை, இன்னொன்று வாங்கக் கடன் கேட்டிருக்கிறேன் என்று அத்தை எழுதியிருந்தாள்.