சிறைச் சந்திப்பும் விடுதலைக்குப் பின் வாழ்வும்

சிறைச் சந்திப்பு என்பது உறவினர், நண்பர், தன்னார்வலர் ஆகியோர் சிறைவாசியை நேரில் கண்டு பேசுதல். தமிழ்நாட்டில் உறவினர் சென்று காண்பதை ‘மனு பார்த்தல்’ என்பர். 

வரலாறு

லண்டன் நியூகேட் சிறைக்கு 1813-இல் முதன்முறை சென்ற எலிசபெத் ஃப்ரை, 1817-இல் பெண் கைதிகளுக்கு உதவும் சங்கத்தை அமைத்தார். இந்தியாவில் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், பார்வையாளர்களை நியமிக்க விதிகள் இயற்றும் அதிகாரத்தை அளித்தது. அதன்படி அரசு அலுவலர்களோடு, அலுவல் சாராத பொதுமக்களும் பார்வையாளர்களாகச் சிறைக்குள் சென்று குறை கேட்கலாயினர்.

பாரதியும் வ.உ.சி.யும்

புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் அ. ரங்கசாமி ஐயங்கார் உள்ளிட்டோரின் முயற்சியால் டிசம்பர் 14-இல் விடுதலையானார். எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டியே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மனைவி செல்லம்மாளின் ஊரான, இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையம் அவருக்குப் புகலிடமாயிற்று. தடைகள் நீங்கியபின் 1920-இல் ‘சுதேசமித்திரன்’ மீண்டும் அவருக்கு வேலை கொடுத்தது.

வ. உ. சிதம்பரம் பிள்ளையின் அனுபவம் கடுமையானது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. குடும்பம் வறுமையில் வாடியது. உரிமம் திரும்பக் கிடைக்க நீதிபதி வாலஸ் உதவினார். அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார் வ.உ.சி.

இருவரும் அரசியல் கைதிகள், ஊரறிந்தவர்கள். அவர்களுக்கே வெளியில் ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாத ஏழைச் சிறைவாசிக்கு அந்தத் தேவை இன்னும் பெரிது.

பயன்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சந்திப்பு பெற்றவர்கள் மீண்டும் குற்றத் தீர்ப்புக்கு உள்ளாகும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. அடிக்கடி நிகழ்ந்தவையும் விடுதலை நாளை ஒட்டி நிகழ்ந்தவையும் கூடுதல் பயன் தந்தன. உடன்பிறந்தோர், தந்தை ஆகியோரைப் போலவே மதகுருமார் வருகையும் பலனளித்தது. முன்னாள் துணைவரின் வருகையோ மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கூட்டியது.

ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள், தண்டனையின் தொடக்கத்திலிருந்தே விடுதலைக்குப் பிந்தைய வாழ்வைக் கருதவேண்டும் என்கின்றன. ஆகவே தன்னார்வலர் பணி சிறை வாசலோடு முடிவதில்லை. ஆறுதல் சொல்லி வந்தவரே தங்க இடமும் செய்ய வேலையும் தேடித் தர முன்வரும்போதுதான் அது முழுமை பெறுகிறது.