குற்றால அருவி எல்லோருக்கும் பொதுவான கதை

"இந்த முறை சங்கமம் குற்றாலத்தில். நீங்கள் தென்காசிக்காரர், மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் போனில் கேட்டார்கள். சாரல், ஐந்தருவி, பார்டர் பரோட்டா என்று இரண்டு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது, கல்லூரி நாளிலிருந்து மனதில் கிடக்கும் வேறொரு விஷயம்தான் முன்னால் வந்து நின்றது.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஜூலை மாதம், வகுப்போடு இங்கே வந்தோம். பேரருவியில் நல்ல தண்ணீர். "எங்க ஊரு அருவிடா! எங்க தாத்தா தினம் விடியக்காலம் இங்க வந்து குளிப்பாரு" என்று நான் அளந்துகொண்டிருந்தேன். என் அறைத் தோழனும் இந்தச் சிற்றாற்றங்கரைக் கிராமத்துக்காரன்தான். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "எங்க தாத்தாவும் சீசனுக்கு மூட்டை சுமக்க இங்க வருவாராம். ஆனா சின்ன வயசுல அருவியில குளிச்சதில்ல. கீழ ஆத்துலதான். மேல எல்லாரும் குளிச்சுட்டு வர்ற தண்ணியில."

"அதெல்லாம் பழைய கதைடா, விடு" என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

அந்த விடுமுறையில் ஆச்சியிடம் கேட்டேன். "ஆமா, அவுக கீழதான் குளிப்பாக. அப்பம் அப்படித்தான். யாரு கேட்டா?" என்றாள். ஆச்சி கெட்டவள் இல்லை. பசி என்று வாசலுக்கு வந்தவரைச் சோறு போடாமல் அவள் அனுப்பியதே கிடையாது. ஆனாலும் அதில் ஒரு தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவன் சொல்லும்வரை எனக்கும்தான் தோன்றவில்லை.

யாரு கேட்டா? கேட்டவர்கள் இருந்தார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தீண்டாமை ஒழிப்புக்காக காந்தியடிகள் 1933 நவம்பரில் வார்தாவில் ஒரு யாத்திரை தொடங்கினார். ஏறத்தாழ ஒன்பது மாதம், 12,500 மைல். அந்தப் பயணத்தில் 1934 ஜனவரியில் குற்றாலம் வந்தார். குற்றாலம் வருகிறவர் முதலில் செய்வது என்ன? குளிப்பதுதான்! ஆனால் தாழ்த்தப்பட்ட மக்கள் இந்த அருவியில் குளிக்க முடியாது என்று அறிந்ததும், தானும் குளிக்க மறுத்துவிட்டார்.

பேரருவி குற்றாலநாதர் கோயிலை ஒட்டியே விழுகிறது. கோயில் வாசல் யாருக்கு மூடியிருந்ததோ, அவர்களுக்கு அருவியும் எட்டவில்லை. இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1924-25-ல் வைக்கத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக சத்தியாகிரகம் நடந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றார். அந்தச் சமஸ்தானத்தில் 1936 நவம்பர் 12-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. தென்காசியும் குற்றாலமும் இருந்த சென்னை மாகாணத்தில் அப்போது அப்படி ஒரு ஆணை இல்லை. ஒரே மலை, ஒரே சாரல். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம்!

காந்தியடிகள் குளிக்காமல் போனதோடு வழி திறந்துவிடவில்லை. அதைத் திறக்கப் பலர் உழைத்தார்கள். 1927 மார்ச் 20-ல் மகாராஷ்டிரத்தில் மகாடு என்ற ஊரில், பொதுக்குளத்துத் தண்ணீரை டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அருந்தினார். வழக்கு நடந்து 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்த உரிமை நிலைத்தது. நம் மாகாணத்தில் எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதா 1938-ல் சட்டமானது. பொதுப் பாதை, கிணறு, ஓடை, குளம் எதிலும் தாழ்த்தப்பட்டவரைத் தடுக்கக் கூடாது என்றது அது. 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துச் சென்றார். பிறகு தென்மாவட்டக் கோயில்கள் சிலவும் திறந்தன. 1947-ல் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

கடைசியில் 1950-ல் அரசியல் சட்டம். அதன் 15-வது பிரிவில் கிணறு, குளம், சாலை இவற்றோடு 'நீராடும் துறை'யும் இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் குளிக்கிற இடத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்ததே, ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சில வருடம் முன்பு கம்பெனி வேலையாக சிகாகோவில் ஆறு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சிகன் ஏரிக்கரையில் நடந்துபோனபோது, 29-வது தெருவை ஒட்டி ஒரு நினைவுக்கல் கண்ணில் பட்டது. 1919 ஜூலை 27. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் நண்பர்களோடு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். வெள்ளையர் குளிக்கும் பக்கமாக மிதவை நகர்ந்துவிட்டது. கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிய, பையன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைப் போலீஸ்காரர் கைது செய்யவில்லை. மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். தண்ணீரில் ஏது கோடு? ஆனாலும் கோடு எங்கே இருக்கிறதென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே நின்றபோது, "கீழ ஆத்துலதான்" என்ற என் தோழன் குரல்தான் காதில் கேட்டது.

அந்த நாட்டிலும் சட்டம் தானாக மாறவில்லை. 1960 பிப்ரவரி 1-ல் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கல்லூரி மாணவர்கள், முதலாண்டுப் பையன்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் ஓட்டல் மேசையில் போய் உட்கார்ந்தார்கள். 1964-ல் சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், யோசித்தபோது அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் கிங்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

'அதெல்லாம் பழைய கதை' என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நான் ஒரு பொறியாளன். தொட்டி கட்டத் தெரியும், குழாய் போடத் தெரியும். அந்தத் தண்ணீர் கடைசி வீடுவரை மரியாதையோடு போய்ச் சேர்வதற்குப் பாடப் புத்தகத்தில் வழி இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தா, ஆச்சி இருந்தால், அந்தக் காலத்தில் யார் எங்கே குளித்தார்கள், யார் எந்த டம்ளரில் குடித்தார்கள் என்று கேளுங்கள். ஹாஸ்டல் நண்பன் தன் வீட்டுக் கதையைச் சொன்னால், நான் செய்ததுபோல் பேச்சை மாற்றிவிடாமல் முழுக்கக் கேளுங்கள்.

சங்கமத்துக்கு என் அறைத் தோழனும் வருகிறான். மகனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்று பாதியில் நிறுத்திய கதையை இந்த முறை கேட்டுவிட வேண்டும். விடியற்காலை கூட்டம் சேருமுன் எல்லோரும் பேரருவிக்குப் போவோம். நீங்களும் துண்டோடு வந்துவிடுங்கள்!