இலியட் காட்டும் போர்: புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

ஐரோப்பிய இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்பது ஒரு போர்க் காப்பியம். ஹோமர் என்னும் பெருங்கவிஞர் பெயரால் வழங்கும் இலியட், கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றது என்பர் அறிஞர் பலர். 24 காண்டங்களும் ஏறத்தாழ 15,700 அடிகளும் கொண்டது அந்நூல். டிராய் நகரப் போர் பத்தாண்டுகள் நடந்ததாகக் கதை. எனினும் இலியட் பாடுவது பத்தாம் ஆண்டின் சில வார நிகழ்ச்சிகளையே. மரக்குதிரைச் சூழ்ச்சியும் நகரின் வீழ்ச்சியும் இதில் இடம்பெறவில்லை. சினம் என்னும் பொருள் தரும் சொல்லோடு தொடங்கும் இக்காப்பியம், ஒரு வீரனின் ஈமச் சடங்கோடு முடிகிறது. அவ்வீரனும் கிரேக்கன் அல்லன், பகைவர் தலைவன்.

இக்காப்பியம் போரைப் போற்றுகிறதா, பழிக்கிறதா என்னும் வினா நெடுங்காலமாக எழுந்து வருகிறது. இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. மாசிடோனிய மன்னன் அலெக்சாண்டர், அரிஸ்டாட்டில் திருத்திய இலியட் படியொன்றைத் தலையணைக்கீழ்க் குறுவாளுடன் வைத்திருந்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 334இல் ஆசியாவில் கால்வைத்ததும் அவன் டிராய்க்குச் சென்று அக்கிலீசின் நினைவுக்கு வழிபாடு செய்தான். கி.மு. 332இல் காசா நகரைப் பிடித்தபோது, அதன் தலைவனைத் தேர்க்காலில் கட்டி இழுப்பித்து, தான் அக்கிலீசைப் பின்பற்றுவதாகப் பெருமை பேசினான் என்பது உரோம ஆசிரியர் கர்ட்டியசின் கூற்று. அதனை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர்.

இதற்கு நேர்மாறான வாசிப்பு நம் காலத்திற்கு அணித்தே தோன்றியது. 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பாரிசு நகரம் செருமானியப் படைக்கு வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் சிமோன் வெய்ல் என்னும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் இலியட் பற்றி எழுதிய கட்டுரை, மார்சேய் நகர இதழொன்றில் வெளிவரத் தொடங்கியது. யூதக் குடியிற் பிறந்தவராதலின் புனைபெயரிலேயே அதனை வெளியிட நேர்ந்தது. இலியட்டின் உண்மைத் தலைவன் எந்த வீரனும் அல்லன், மனிதனைச் சடப்பொருளாக்கும் வன்மையே என்பது அவர் கருத்து. ஒரே நூல் ஒருவனுக்குப் போர்க்கையேடாயிற்று. மற்றொருவருக்குப் போரின் மீது எழுதிய தீர்ப்பாயிற்று. இவருள் நூலை முழுமையாகக் கண்டவர் யார்?

புகழ் வேட்கை

போற்றுதற் பக்கத்துச் சான்றுகளை முதற்கண் காண்போம். இலியட்டில் போர் ஒளி வீசுகிறது என்பதை மறுத்தல் இயலாது. ஒரு வீரன் களத்தில் தனித்தோங்கி நிற்கும் வேளைகளைக் கவிஞர் விரிவாகப் பாடுகிறார். வீரனை அரிமாவோடும், காட்டுத் தீயோடும், பெருக்கெடுத்த ஆற்றோடும் ஒப்பிடுகிறார். சர்பிடன் என்னும் லிசிய நாட்டு மன்னன் தன் தோழன் கிளாக்கசுக்குக் கூறும் காரணம் எண்ணத்தக்கது. நாட்டார் நமக்கு முதலிருக்கையும் வளமான நிலமும் தந்திருப்பதற்கு ஈடாக நாம் முன்னணியில் நிற்கவேண்டும். இப்போரில் தப்பினால் சாவே இல்லை என்றால் நானும் போரிடேன், உன்னையும் அனுப்பேன். எவ்வகையிலும் சாவு வருமாதலின் புகழையேனும் பெறுவோம் என்பது அவன் வாதம். நெடிய வாழ்வா, அழியாப் புகழா என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்வதே அக்கிலீசின் விதி.

போரை எதிர்த்துப் பேசும் எளியவன் படும் பாட்டையும் மறைத்தல் கூடாது. இரண்டாம் காண்டத்தில் தெர்சைட்டீஸ் என்பவன் எழுந்து, அகமெம்னனின் பேராசைக்காக நாம் ஏன் மடிய வேண்டும், வீடு திரும்புவோம் என்கிறான். ஒடிசியஸ் அவனைக் கோலால் அடிக்கிறான். படை முழுதும் நகைக்கிறது. கவிஞரும் அவனை அழகற்றவனாகவே காட்டுகிறார்.

விழுந்தவர்க்கு ஒரு வரலாறு

ஆயினும், வெல்வோரைப் பாடும் அதே கவிஞர் வீழ்வோரை மறப்பதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட வீரர் இக்காப்பியத்தில் பெயரோடு மடிகின்றனர். அவருட் பலர் ஓரிரு அடிகளில் தோன்றி மறைபவர். அவ்வளவில் அவர்தம் ஊரும் பெற்றோரும் வாழ்வும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

சிமோயிசியஸ் என்னும் இளைஞனைக் காண்க. ஆட்டுமந்தையைக் காணப் பெற்றோருடன் சென்ற தாய், மலையினின்று இறங்கி வரும் வழியில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் அவனை ஈன்றாள். ஆதலின் ஆற்றின் பெயரே அவன் பெயராயிற்று. பெற்றோர் வளர்த்த கடனைத் தீர்க்குமுன் ஏஜாக்சின் வேல் அவன் மார்பைத் துளைத்தது. தேர்ச்சக்கரம் செய்வோன் வெட்டிச் சாய்த்து, ஆற்றோரம் உலரவிட்ட மரம்போல அவன் கிடந்தான் என்கிறார் கவிஞர். ஆக்சிலஸ் என்னும் செல்வன் சாலையோரத்து வீட்டில் வாழ்ந்து, வருவோர்க்கெல்லாம் விருந்தளித்தவன். அவன் மடிந்த நாளில், உண்டு சென்றோருள் ஒருவரும் அவன்முன் வந்து சாவைத் தடுக்கவில்லை. டிராய் மண்ணில் முதலில் குதித்து முதலில் மாண்ட புரோட்டசிலாசின் வீடு பாதி கட்டிய நிலையிலேயே நின்றது. அவன் மனைவி கன்னம் கிழித்துக்கொண்டு அழுதாள். போரைப் போற்ற மட்டும் எண்ணிய கவிஞர்க்கு இச்செய்திகள் வேண்டுவன அல்ல.

பகைவர் இல்லம்

கிரேக்க மொழியில் கிரேக்கர்க்குப் பாடிய கவிஞர், பகைவர் நகருக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். ஆறாம் காண்டத்தில் ஹெக்டர் தன் மனைவி ஆண்டிரோமகியைக் காண்கிறான். அவள் தந்தையையும் ஏழு உடன்பிறந்தாரையும் கொன்றவன் அக்கிலீஸ். தந்தையும் தாயும் உடன்பிறந்தானும் எனக்கு நீயே என்கிறாள் அவள். டிராய் அழியும் என்றும், அவள் அடிமையாய்த் தண்ணீர் சுமப்பாள் என்றும் உள்ளத்தில் உணர்ந்தே ஹெக்டர் பேசுகிறான். குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் அசையும் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அலறுகிறது. இருவரும் நகைக்க, ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்து மகனை முத்தமிடுகிறான்.

அடுத்து அவன் இறைவரிடம் வேண்டுவது யாது? மகன் தன்னினும் சிறந்த வீரனாகிப் பகைவனைக் கொன்று, குருதி தோய்ந்த கவசத்தைக் கொண்டுவர வேண்டும். அது கண்டு தாய் மகிழ வேண்டும் என்பதே. போரின் முடிவை அறிந்த தந்தை, குழந்தையை அச்சுறுத்திய அப்பொருளையே மகனுக்கும் வரமாகக் கேட்கிறான்! இறுதிக் காண்டத்தில் ஆண்டிரோமகி, கிரேக்கன் ஒருவன் இக்குழந்தையை மதிலினின்று எறிந்து கொல்லக்கூடும் என அஞ்சிப் புலம்புகிறாள். போர்ப்புகழ் நல்லோர் நெஞ்சையும் எவ்வாறு ஆட்கொள்கிறது என்பதனை இவ்விடத்தினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

ஹெக்டரை அக்கிலீஸ் துரத்தும் ஓட்டத்தினிடையே ஓர் ஊற்றங்கரை வருகிறது. கிரேக்கர் வருமுன், அமைதிக் காலத்தில், டிராய் மகளிர் துணி துவைத்த கற்றொட்டிகள் அங்கே உள்ளன. ஹெக்டர் விழும் வேளையில் ஆண்டிரோமகி, அவன் திரும்பியதும் நீராட வெந்நீர் வைக்கப் பணித்துக்கொண்டிருக்கிறாள்.

சினம் தணிந்த இடம்

தோழன் பட்ராக்ளசை இழந்த சினத்தில் அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரிற் பிணித்து இழுக்கிறான். இதனைக் கவிஞர் பாராட்டினாரா? இல்லை. அக்கிலீஸ் இரக்கத்தை இழந்துவிட்டான், உணர்வற்ற மண்ணை இழிவு செய்கிறான் என அப்பல்லோ தெய்வமே வான்சபையில் குற்றஞ்சாட்டுகிறது. முதிய மன்னன் பிரியம் இரவில் பகைவன் பாசறை புகுந்து, தன் மைந்தரைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப் பார் என்கிறான். இருவரும் அழுகின்றனர், ஒருவன் மகனுக்காக, மற்றவன் தந்தைக்காகவும் தோழனுக்காகவும். பின்னர் இருவரும் ஒன்றாக உண்கின்றனர். ஈமக் கடனுக்காகப் பதினொரு நாள் போர்நிறுத்தம் முடிவாகிறது. பன்னிரண்டாம் நாள் மீண்டும் போர் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. இரக்கம் போரை நிறுத்தவில்லை. இரு மனிதரை மனிதராக்கிற்று. தேர்க்காலை மட்டும் நினைவிற்கொண்டவன், இருபத்திரண்டாம் காண்டத்தோடு நூலை மூடியவனே ஆவான்.

ஹோமர் பெயரால் வழங்கும் ஒடிசியில் இவ்வெண்ணம் மேலும் ஆழ்கிறது. அங்கே இறந்தோர் உலகில் அக்கிலீஸ், மாண்டோர்க்கெல்லாம் மன்னனாவதினும் நிலமற்ற ஏழையிடம் கூலியாளாய் வாழ்தல் மேல் என்கிறான். டிராய் வீழ்ந்த கதையைப் பாணன் பாடக் கேட்ட ஒடிசியஸ், நகரைக் காத்து வீழ்ந்த கணவன்மேல் விழுந்து புலம்பி, அடிமையாய் இழுத்துச் செல்லப்படும் பெண்ணைப் போல அழுகிறான். வென்றவன் கண்ணீருக்குத் தோற்றவள் கண்ணீரே உவமையாயிற்று.

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. சங்க வீரப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆய்ந்த பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பாணர் மரபும் புகழ் வேட்கையும் இரண்டற்கும் பொது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் சோழரே, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என இடித்துரைத்த கோவூர் கிழார் போல, ஹோமர் களத்தினிடையே வந்து பேசுவதில்லை. அவர் காட்டுகிறார்; தீர்ப்பை நம்மிடம் விடுகிறார்.

ஆகவே, சிமோன் வெய்லின் வாசிப்பு அலெக்சாண்டரின் வாசிப்பினும் ஆழமுடையது. எனினும் போர்க்களத்தின் கவர்ச்சியை அது குறைத்தே மதிப்பிட்டது. இலியட் போரை ஒழிக்க வேண்டும் என்று கூறவில்லை. புகழ் மெய்யானது என ஒப்புகிறது. அதற்குக் கொடுக்கும் விலையை ஒரு காசும் குறைக்காமல் எண்ணிக் காட்டுகிறது. பகைவனை வெறுக்க மட்டும் அது கற்பிக்கவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு எம்மொழிப் போர்க்கதையைச் சொன்னாலும், வென்றவன் தேரோடு நிறுத்திவிடாமல், ஆறாமற் காத்திருந்த அவ்வெந்நீரையும், பாதி கட்டிய அவ்வீட்டையும் சேர்த்தே சொல்லுதல் நம் கடனாகும்.